பெரியப்பாவின் வுவுசெலாவுக்கு ஒரு வளைவு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்தில் பல வீட்டு ஷோகேஸில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு வுவுசெலா, அதாவது கால்பந்து ரசிகர்கள் ஊதும் நீளமான பிளாஸ்டிக் குழல், சாய்ந்து நிற்கும். எங்கே வாங்கியது என்று கேட்டால் ஒரே பதில்தான்: 2010 ஜூலை 7, டர்பன், ஸ்பெயின் ஜெர்மனியை 1–0 என்று வென்ற உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதி. சொல்கிறவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு உள்ளே இருந்திருந்தால் ஆட்டம் நடந்த மோசஸ் மபிடா அரங்கத்துக்கு இன்னொரு மாடி கட்டியிருக்க வேண்டும்.

வீட்டில் யாரிடமாவது 3டி பிரிண்டர் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், பெரியப்பா குழலோடு வந்துவிடுவார். "தம்பி, இதுக்கு ஒரு ஸ்டாண்டு பண்ணிக் குடு. நம்ம ஸ்டேடியம் வளைவு மாதிரியே இருக்கணும்."

அரங்கத்துக்கு மேலே எழும் அந்த வளைவை வரைவது எளிது. நிஜத்தில் நீளம் 350 மீட்டர், உயரம் 106 மீட்டர். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் அலகை மாற்றாமல் அதே எண்களை மீட்டராகவே போடுங்கள். வரைந்ததை அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பில் அலகு கிடையாது. கோப்பை அடுக்கடுக்காக நறுக்கி பிரிண்டருக்குக் கொடுக்கும் ஸ்லைசர் மென்பொருள் 350-ஐ மில்லிமீட்டராகத்தான் படிக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு மாதிரி இனாமாகக் கிடைத்துவிடும். ஒரே சங்கடம், குழலையும் அதே கணக்கில் வரைய வேண்டும். பெரியப்பாவின் வுவுசெலா திரையில் 650 மீட்டர், அரங்கத்தைவிடப் பெரிது. அதைப் பார்த்தால் அவருக்குப் பெருமை தாங்காது.

பிளெண்டரில் சிற்ப வேலைக்குப் போகும்போது, மேற்பரப்பைப் புதிதாகப் பின்னும் ரீமெஷில் வாக்ஸல் (சின்னக் கனசதுரம்) அளவு 0.1 என்று தானாகவே இருக்கும். இந்த அளவுக்கு அதை அப்படியே அழுத்தினால் லேப்டாப் மூச்சு விடாது. 0.5 போதும். பிளாஸ்டிக் வெளிவரும் 0.4 மில்லிமீட்டர் நாசிலில் அதைவிட நுணுக்கம் எப்படியும் அச்சில் வராது; "2010" என்று எழுதினால் கோட்டின் தடிமன் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

குழல் உட்காரும் பள்ளத்தைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். முதலிலேயே வெட்டிவிட்டு ரீமெஷ் செய்தால் விளிம்பு மழுங்கி அளவு போய்விடும். வுவுசெலா கூம்பு. இரண்டு தாங்கியும் ஒரே அளவாக இருந்தால் அகன்ற வாய்ப்பக்கம் தூக்கிக்கொண்டு ஊதும் முனைப்பக்கம் சரியும். 5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வெர்னியர் அளவுகோல் வைத்து விட்டம் எடுங்கள். குழலை வார்த்த அச்சின் தையல்கோடு ஓடும் இடத்தில் வட்டம் சரியாக இருக்காது, அதனால் திருப்பி இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அந்த அளவுகளில் வரைந்த கூம்பை ஆரத்தில் 0.4 மில்லிமீட்டர் பெருக்கி, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றை வெட்டியெடுக்கும் பூலியனில் கழித்தால் பள்ளம் தயார். குழலை ஒரு விரலில் நிறுத்தி எடை சமமாகும் புள்ளியைக் குறித்துக்கொண்டு, அதற்கு இருபுறமும் தாங்கிகளை வையுங்கள்.

வளைவின் ஒரு முனை ஒற்றைக் கால், மறுமுனை இரட்டை. தென்னாப்பிரிக்கக் கொடியின் ஒய் வடிவம். பிரிண்டரின் 220 மில்லிமீட்டர் தட்டில் முழுசாக அடங்காது. நடுவில் வெட்டி, இரட்டைக் கால்களைத் தனித்தனியாக்கி, 5 மில்லிமீட்டர் குச்சி வைத்து இணைக்கலாம். துளையைச் சுற்றி 0.2 இடைவெளி. எல்லாவற்றையும் படுக்கவைத்தே அச்சிடுங்கள். நிற்கவைத்தால் அடுக்குகள் குறுக்கே வரும், துடைக்கும்போதே ஒடியும்.

டர்பன் ஈரக்காற்றில் திறந்து கிடந்த ஃபிலமென்ட் (அச்சுக்கான பிளாஸ்டிக் இழை) கடுகு தாளிப்பதுபோல் பொரியும், நூல் நூலாக இழுக்கும். 45 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்துங்கள். நடுவில் கரண்ட் போய் வந்தால் பல பிரிண்டர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும்தான். ஆனால் தட்டு ஆறி அடிப்பாகம் கழன்றிருந்தால் காற்றில்தான் தொடரும். முடிந்ததைக் காட்டுகிறேன் என்று ஜனவரி வெயிலில் காருக்குள் விட்டுவைத்தால், சாதாரண பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகி வளைவு சப்பையாகிவிடும். காரில் ஊர்வலம் போகும் ஸ்டாண்டு என்றால் இன்னும் சூடு தாங்கும் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கில் போடுங்கள்.

ஊதும் முனைக்கு ஒரு மூடியும் வேண்டும். அது ஆயாவின் ஆர்டர். குழல் கிட்டத்தில் 120 டெசிபெல் அலறும், பேரனுக்கு லீவு வேறு. ரப்பர்போல் வளையும் டி.பி.யு. பிளாஸ்டிக்கில் கொஞ்சம் இறுக்கமாக அச்சிட்டால் எளிதில் கழலாது. "உள்ளே ரெண்டு சொட்டு சூப்பர் குளூ விடேன், பெரியப்பனுக்குத் தெரிய வேணாம்" என்பார் ஆயா. விடாதீர்கள். அந்தப் பசையின் ஆவி படிந்தால் குழலில் வெள்ளைப் படலம் பூத்துவிடும். வளைவை ஒட்டுவதையும் குழல் பக்கத்தில் இல்லாதபோதே முடித்துவிடுங்கள்.