வாசற்படிக்கு வெளியே நிற்கும் பாதுகாப்பு அதிகாரி

தொழிற்சாலையில் பாதுகாப்பு வேலை பார்ப்பவருக்கு ஒரு வசதி உண்டு. சந்தேகம் வந்தால் எழுந்து நடந்து போய்ப் பார்த்துவிடலாம். தரையில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா, மெஷினின் தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறார்களா, தீயணைப்பானுக்கு முன்னால் யாராவது அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்களா, எல்லாம் ஒரு சுற்று வந்தால் தெரிந்துவிடும். நான் அப்படிச் சுற்றிச் சுற்றியே தொழில் கற்றவன். பிறகு அலுவலக ஊழியர்களின் பாதுகாப்பும் என் தலையில் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினார்கள். பொறுப்பு குறையவில்லை. சுற்றி வர இடம்தான் இல்லாமல் போனது.

“வீட்டில் உட்கார்ந்து லேப்டாப் தட்டுகிறவருக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?” என்று மேலாளர்கள் கேட்பார்கள். கிண்டலாகத்தான். ஆனால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது இந்தப் பொறுப்பு என்பதில் அரசாங்கங்களே தடுமாறியிருக்கின்றன. 1999 நவம்பரில் ஒரு நிறுவனம் கேட்ட கேள்விக்கு, வீட்டில் வேலை செய்தாலும் ஊழியரின் பாதுகாப்புக்கு முதலாளிதான் பொறுப்பு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா கடிதம் எழுதியது. 2000 ஜனவரியில் அது செய்தித்தாளில் வந்ததும் பெரிய கூச்சல். சில நாட்களுக்குள் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். பிப்ரவரியில், வீட்டு அலுவலகங்களை ஆய்வு செய்யமாட்டோம், முதலாளிகள் ஆய்வு செய்ய வேண்டும் என்றும் எதிர்பார்க்கமாட்டோம் என்று தனி உத்தரவே போட்டார்கள். பிரிட்டனில் நிலைமை வேறு. கணினித் திரை முன் வேலை செய்பவர்களுக்கான 1992-ஆம் ஆண்டு விதிகள் அங்கே வீட்டுக்கும் பொருந்தும். ஸ்பெயினின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் நடுவழியைப் பிடித்தது. ஆபத்து மதிப்பீடு செய், ஆனால் வேலை செய்யும் இடத்தை மட்டும் பார், வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் ஊழியரிடம் அனுமதி வாங்கு என்கிறது அது. நான் படித்ததில் எனக்குப் பிடித்த சட்டம் இதுதான். வாசற்படி என்று ஒன்று இருக்கிறது என்பதை அது மறக்கவில்லை.

எங்கள் நிறுவனத்தில் எல்லாரும் செய்வதைத்தான் முதலில் செய்தார்கள். சுய மதிப்பீட்டுப் படிவம். நாற்காலியில் முதுகுக்குத் தாங்கல் உள்ளதா? ஆம். வெளிச்சம் போதுமா? ஆம். மின்சாதனங்கள் நல்ல நிலையில் உள்ளனவா? ஆம், ஆம், ஆம். படித்தால், உலகத்தில் இத்தனை அருமையான வீடுகளா என்று பொறாமையே வரும். அப்படி எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்ட ஒருவர் அதே வாரத்தில் கழுத்து வலிக்கு விடுப்புக் கேட்டு எழுதியிருந்தார்.

அவரைப் போனில் பிடித்தேன். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்: “சரியில்லைன்னு எழுதினா ஆபீசுக்கே வரச் சொல்லிடுவீங்களே சார்.” அதில் ஒன்றும் தப்பில்லை. பதில் சொன்னால் நஷ்டம் என்று தெரிந்த இடத்தில் யார் உண்மையை எழுதுவார்கள்? ஆகவே படிவத்தின் தலையில் ஒரு வரி சேர்த்தோம். இதில் என்ன எழுதினாலும் வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதி அதனால் ரத்தாகாது என்று. அதற்குக் கீழே நிர்வாகத் தலைவரின் கையெழுத்து. கேள்விகளைத் தயாரிக்க ஆன நேரத்தைவிட அந்தக் கையெழுத்தை வாங்க ஆன நேரம் அதிகம்.

கேள்விகளையும் மாற்றினோம். உங்கள் நாற்காலி சரியானதா என்று கேட்பதை விட்டுவிட்டு, நேற்று மதியம் எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள் என்று கேட்டோம். சாயங்காலம் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று கேட்டோம். பதில்கள் கொட்டின. கட்டில் மேல், தலையணையை மடியில் வைத்து. பிள்ளையின் படிப்பு மேசையில், முழங்கால் இடிக்க இடிக்க. ஒருவர் இஸ்திரி போடும் மேசையில் லேப்டாப்பை வைத்திருந்தார். “உயரத்தை ஏத்தி இறக்கலாம் சார், கம்பெனி மேசையில் அது முடியாது” என்றார். உண்மையில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆட்டம் காணாமல் இருந்தால் நானே சிபாரிசு செய்திருப்பேன்.

லேப்டாப் என்பதே கழுத்துக்கு எதிராகச் செய்யப்பட்ட பொருள் என்று நான் சொல்வதுண்டு. திரையும் கீபோர்டும் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்று தூக்கி வைத்தால் கை அந்தரத்தில் தொங்கும். முழங்கை மடிந்து கை இயல்பாக இருக்கட்டும் என்று கீழே வைத்தால் தலை குனிந்துகொள்ளும். இரண்டில் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் கொடுத்துவிட்டால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. லேப்டாப்பை நாலு தடித்த புத்தகத்தின் மேல் ஏற்றிவிடலாம். நாற்காலி வாங்கித் தரப் பணம் இல்லை என்று கைவிரித்த நிர்வாகம் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் உடனே தலையாட்டியது. நாற்காலி பிறகு, சண்டை போட்டு, வலி என்று எழுதியவர்களுக்கு மட்டும் வந்தது. மற்றவர்களுக்கு இடுப்புக்குப் பின்னால் சுருட்டி வைத்த துண்டுதான்.

படம் கேட்பதா வேண்டாமா என்பதில் குழுவுக்குள்ளேயே தகராறு. வேலை செய்யும் இடத்தைப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் பாதி விஷயம் தெரிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஒரு பெண் ஊழியர் நேராகவே கேட்டார்: “சார், இந்தப் போட்டோ எங்கே போகும்? யார் யார் பார்ப்பாங்க? எப்போ அழிப்பீங்க?” மூன்று கேள்விக்கும் எங்களிடம் ஒழுங்கான பதில் இல்லை என்றதும் போட்டோ யோசனையை மூட்டைகட்டினோம். அதற்குப் பதில் போனிலேயே அளக்கச் சொன்னோம். நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டுங்கள், விரல் நுனி திரையைத் தொடுகிறதா? பாதம் முழுவதும் தரையில் படிகிறதா, குதிகால் தூக்கியிருக்கிறதா? ஜன்னல் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, முதுகுக்குப் பின்னாலா? பின்னால் என்றால் திரையில் கூசும், மேசையைத் திருப்புங்கள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். யாருடைய சுவரையும் அலமாரியையும் நான் பார்க்க வேண்டியதில்லை.

மின்சாரம் மட்டும் விதிவிலக்கு. அதில் நான் பிடிவாதக்காரன். ஒருவர் தானாகவே வீடியோ காலில் மேசைக்கு அடியில் கேமராவைத் திருப்பினார். சுவரில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதன் முனையில் இன்னொன்று. லேப்டாப் சார்ஜர், மானிட்டர், ரவுட்டர், போன் சார்ஜர், அவற்றோடு தண்ணீர் சுடவைக்கும் கெட்டில். பெட்டியின் மேல் ஒரு துணி தொங்கிக்கொண்டிருந்தது. துணியை விலக்கச் சொன்னேன். கெட்டில் பிளக் செருகியிருந்த ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறியிருந்தது. “அது பழைய கறை சார்” என்றார். கறையில்லை. பிளக் தளர்ந்திருந்தால் தொடும் இடத்தில் மின்சாரம் பாய்வதற்கான தடை கூடும், தடை கூடினால் சூடாகும், சூடானால் உள்ளே இருக்கும் உலோகம் இன்னும் தளரும். கெட்டில் போல அதிக மின்சாரம் இழுக்கும் பொருளில் இது வேகமாக நடக்கும். சுவிட்சை அணைத்து எல்லாவற்றையும் கழற்றும் வரை நான் வீடியோ அழைப்பைத் துண்டிக்கவில்லை. சுடவைக்கும் எந்தப் பொருளும் நேராகச் சுவர் பிளக்கில்தான், ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொன்றைச் செருகவே கூடாது என்று எல்லாருக்கும் மெயில் போனது. மெயில் போனதோடு நிற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஃபியூஸ் உள்ள ஒரு நல்ல பாக்ஸையும் அனுப்பினோம்.

ஆனால் இத்தனை வருடத்தில் நான் கண்டது, நாற்காலியும் பிளக்கும் சின்ன விஷயம். பெரிய ஆபத்து வேலை நேரம். அது வீட்டுக்குள் இல்லை, நாங்கள் அனுப்பும் வேலையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும் இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்றது. இந்த எண்களை மேலாளர் கூட்டத்தில் போட்டேன். தலையாட்டினார்கள். அன்றிரவே பதினொரு மணிக்கு ஒரு மேலாளரிடமிருந்து குழுவுக்கு “அவசரமில்லை, முடியும்போது பாருங்கள்” என்று செய்தி போனது. அவசரமில்லை என்றால் ஏன் பதினொரு மணி? ராத்திரி எழுதும் மெயில் காலையில்தான் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி பெரும்பாலான மெயில் மென்பொருளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லி நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு பக்கம், கீபோர்டில் எத்தனை தட்டு தட்டுகிறார்கள் என்று கண்காணிக்கும் மென்பொருள் வாங்க யோசனை வந்தது. இடைவேளை எடுக்கிறார்களா என்று தெரியுமே, பாதுகாப்புக்கும் உதவுமே என்று என் ஆதரவைக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். தட்டு குறைந்தால் கேள்வி வரும் என்று தெரிந்த பிறகு எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட யாரும் போகமாட்டார்கள்.

எல்லா வீடும் பாதுகாப்பான இடம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் எதுவும் சொல்லாமல் அலுவலகத்தில் ஒரு மேசை வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. “ஏன், வீட்டில் என்ன பிரச்சினை?” என்று ஹெச்ஆரில் ஒருவர் கேட்கப்போக, கோரிக்கையையே வாபஸ் வாங்கிவிட்டார் ஒருவர். அதன்பின் விதியில் எழுதினோம்: திரும்பி வர விரும்புகிறவரிடம் காரணம் கேட்கக்கூடாது, மறுநாளே இடம் தர வேண்டும்.

விபத்துப் பதிவேடு இன்னொரு கதை. வீட்டில் விழுந்தவர்கள் சொல்வதில்லை, “வீட்டில்தானே விழுந்தேன்” என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் நீதிமன்றங்கள் அப்படி விடவில்லை. ஜெர்மனியில் ஒருவர் காலையில் எழுந்து, ஒரு மாடி கீழே இருந்த தன் வேலை அறைக்குச் சுழற்படியில் இறங்கும்போது விழுந்தார். படுக்கையிலிருந்து மேசைக்குப் போனதும் வேலைக்குப் போன வழிதான் என்று 2021 டிசம்பரில் அந்நாட்டின் கூட்டாட்சி சமூக நீதிமன்றம் சொன்னது. ஆஸ்திரேலியாவில், வேலை நேரத்தில் இருமல் மருந்து எடுக்கக் காலுறையோடு மாடிப்படி இறங்கி விழுந்த பெண்ணுக்கு 2011-இல் தீர்ப்பாயம் இழப்பீடு உண்டு என்றது. எல்லா நாட்டிலும் இப்படித் தீர்ப்பு வரும் என்று சொல்லமுடியாது. ஆனாலும் இந்த இரண்டையும் சொன்ன பிறகு எங்கள் ஊழியர்கள் விழுந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். மாடிப்படியில் காலுறையோடு இறங்காதீர்கள் என்று ஒரு வரியை, சிரிப்புக்கிடையே, பயிற்சியில் சேர்த்தோம்.

இப்போது நான் மல்லுக்கட்டுவது முகவரிக்காக. ஒருநாள் காலைக் கூட்டத்தில் ஒரு ஊழியர் பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். கேமராவில் அவருடைய தோள் மட்டும் தெரிந்தது, அசையவில்லை. ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது? கோப்பில் இருந்தது அவர் எப்போதோ காலி செய்த வீட்டின் முகவரி. அவசரத் தொடர்பு என்று கொடுத்திருந்த எண் அணைந்திருந்தது. சக ஊழியர் ஒருவருக்கு அவருடைய அறைத்தோழரைத் தெரிந்திருந்ததால் தப்பித்தோம். காய்ச்சலில் மயங்கியிருந்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் லாகின் செய்யும்போது ஒரு கேள்வி வருகிறது: இந்த வாரம் எந்த முகவரியிலிருந்து வேலை பார்க்கிறீர்கள், பக்கத்தில் இருக்கும் யாரைக் கூப்பிடலாம்? சிலருக்கு இது வேவு பார்ப்பதாகப் படுகிறது. அவர்கள் சந்தேகப்படுவது நல்லதுதான். ஆகவே அந்தப் பட்டியலைத் திறக்கும் உரிமை என்னையும் என் உதவியாளரையும் தவிர யாருக்கும் இல்லை. திறந்தால் யார், எப்போது, எதற்காகத் திறந்தார் என்று சம்பந்தப்பட்டவருக்கே உடனே மெயில் போய்விடும். ஒரு மேலாளர் தன் குழுவில் யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பார்க்க அதைக் கேட்டு வந்தார். கொடுக்கவில்லை. வேண்டுமென்றால் அவரவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.