பிரிபுனலில் நீலம் வரும் வரை

எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு மதுரையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே கோபால்ட்டையும் நிக்கலையும் பிரிக்கும் வேலை எடுத்திருந்தேன். பழைய லேப்டாப் பேட்டரியை அமிலத்தில் கரைத்தால் லித்தியம் போன்றவற்றோடு இந்த இரண்டும் வரலாம், ஆனால் நேராக அதில் கை வைக்காதே, முதலில் இரண்டு சல்பேட்டையும் கலந்து செய்து பார் என்றார் சார். லிட்டருக்கு 2 கிராம் கோபால்ட், 2 கிராம் நிக்கல். ஒன்று ரோஸ், ஒன்று பச்சை, சேர்த்தால் கழுநீர் மாதிரி ஒரு நிறம்.

பிரிக்க சயனெக்ஸ் 272 (கோபால்ட்டைப் பிடித்துக் கெரசினுக்குள் இழுக்கும் ஒரு கரிம அமிலம்), கெரசினில் கரைத்தது. உலோகக் கரைசலை பிஎச் 5.5 வைத்து, இரண்டையும் பிரிபுனலில் (அடியில் திருகு வைத்த கண்ணாடிப் புனல்) ஊற்றி, மூடியைப் பிடித்துக் குலுக்கி, தலைகீழாகத் திருப்பித் திருகைத் திறந்து ஆவியை விட்டு (மதுரை வெயிலில் இதை மறந்தால் மூடி பறக்கும்), பத்து நிமிஷம் குலுக்கியும் மேலே இருந்த கெரசினில் லேசாக ஒரு நீலச் சாயல், அவ்வளவுதான். மருந்து கெட்டுப்போச்சு என்று நினைத்து மூன்று நாள் வீணாக்கினேன். ஆராய்ச்சி மாணவி ஒரு அக்கா வந்து, "குலுக்கினதுக்கு அப்புறம் பிஎச் பார்த்தியாடா?" என்று கேட்டார். பார்த்தேன், 3.4.

விஷயம் இதுதான்: ஒரு கோபால்ட் அயனி மேலே ஏறினால் இரண்டு ஹைட்ரஜன் அயனி கீழே இறங்கும். கரைசல் தானாகவே புளித்து, ஏறுவதை நிறுத்திவிடும். பாடத்தில் படித்ததுதான், கையில் வரவில்லை.

அதனால் ஹைட்ரஜனுக்குப் பதில் சோடியம் இறங்கட்டும் என்று, கெரசின் கலவையிலேயே கொஞ்சம் காஸ்டிக் சோடா விட்டு சயனெக்ஸில் 40 சதவீதத்தைச் சோடியம் உப்பாக்கினேன். அது அப்படியே கஞ்சி மாதிரி உறைந்தது. அக்காவிடமே மறுபடி ஓடினேன். டிபிபி (டிரைபியூட்டைல் பாஸ்பேட்) 5 சதவீதம் சேர்த்ததும் தெளிந்தது. இந்த முறை குலுக்கி வைத்த இரண்டாம் நிமிஷமே மேல் அடுக்கு பேனா மை மாதிரி நீலம், கீழே சுத்தமான பச்சை. கெரசினுக்குள் போன கோபால்ட்டைச் சுற்றி நான்கு அணுக்கள் நான்முகி வடிவில் அமைவதால்தான் இந்த நீலம். நிக்கலுக்கு இன்னும் அதிக பிஎச் வேண்டும், அதனால் பெரும்பாலும் கீழேயே தங்கிவிட்டது.

நீலத்தை மட்டும் வேறு புனலுக்கு மாற்றி, அதில் பாதி அளவு நீர்த்த கந்தக அமிலம் விட்டுக் குலுக்கினேன். நீலம் வெளுத்து, அடியில் ரோஸ் இறங்கியது, முதலில் கரைத்ததைவிட அடர்த்தியாக. அந்தப் படம் ரெக்கார்டில் இருக்கிறது, கூடவே கெரசின் வாடையும்.