23 பெயர்கள்

அக்டோபர் 7, 2024, திங்கள்

காலையில் மெயிலைத் திறந்தால் பழைய கம்பெனியின் சொலிசிட்டரிடமிருந்து (அவர்களுடைய வக்கீல்) ஆறு பக்கக் கடிதம். ஷரத்து 14-ஐ மீறிவிட்டேனாம். விலகி ஆறு மாதம் வரை போட்டி நிறுவனத்தில் வேலை பார்க்கக் கூடாது, அவர்களுடைய வாடிக்கையாளர்களை அணுகக் கூடாது. புதன் மாலை நான்கு மணிக்குள் உறுதிமொழியில் கையெழுத்துப் போடாவிட்டால் லண்டன் ஹைகோர்ட்டில் இன்ஜங்ஷன், அதாவது தடை உத்தரவு, கேட்பார்களாம்.

சேர்ந்த அன்றைக்கு லேப்டாப்போடு நீட்டிய ஒப்பந்தம் அது. படித்தா கையெழுத்துப் போட்டேன்? ஆகஸ்ட் 30-ல் விலகினேன். அடுத்த வாரமே புது வேலையைப் பற்றி லிங்க்ட்இனில் பெருமையாகப் போட்டேன். பழைய மேனேஜரே லைக் போட்டிருந்தார்.

அக்டோபர் 8

சென்னையில் வக்கீலாக இருக்கும் அண்ணன் போனில் சிரித்தான். "அதெல்லாம் செல்லாதுடா. 27-ஆம் பிரிவைப் பார்க்கச் சொல்லு." 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்கு அது சரி. இங்கே வேறு கதை.

பிழைப்பைத் தடுக்கும் ஷரத்து செல்லாது என்றுதான் இங்கேயும் ஆரம்பிப்பார்களாம். ஆனால் வாடிக்கையாளர் உறவு, தொழில் ரகசியம் என்று காப்பாற்ற வேண்டியது நியாயமாகவே தங்களிடம் இருக்கிறது, அதற்குத் தேவையானதற்கு மேல் தடுக்கவில்லை என்று கம்பெனி காட்டிவிட்டால் செல்லும். 1894 நார்டன்ஃபெல்ட் வழக்கில் ஒரு துப்பாக்கி வியாபாரியை 25 வருஷம் உலகம் முழுக்கக் கட்டிப்போட்டார்கள். அவர் கம்பெனியை விற்றவர். சம்பளக்காரனிடம் அவ்வளவு இறுக்கம் எடுபடாது என்றார் என் சொலிசிட்டர். கொஞ்சம் தெம்பு வந்தது.

அக்டோபர் 10, வியாழன்

கையெழுத்துப் போடவில்லை. விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். விசாரணை வரை போகவே போகாது என்கிறார் என் சொலிசிட்டர். பிப்ரவரியோடு ஷரத்து காலாவதி. அதற்குள் முழு விசாரணை நடக்காவிட்டால் இடைக்காலத் தடைதான் தீர்ப்பு மாதிரி.

வழக்கமான அளவுகோல் 1975 அமெரிக்கன் சயனமிட் வழக்கு: விசாரிக்கத்தக்க கேள்வி இருக்கிறதா, பின்னால் பணத்தால் ஈடுகட்ட முடியுமா, தடை போட்டால் யாருக்குப் பாதிப்பு அதிகம். விசாரணைக்குள் காலம் ஓடிவிடும் என்றால் யார் பக்கம் வலுவாக இருக்கிறது என்றும் நீதிபதி பார்க்கலாம். அது லான்சிங் லிண்டே, 1991.

நானே ஓர் ஓட்டை கண்டுபிடித்தேன். போட்டி நிறுவனத்தில் பங்குகூட வைத்திருக்கக் கூடாதாம். அதிகப்படிதானே? டில்மன் என்ற பெண் ஊழியரின் வழக்கிலும் இதேதான் சிக்கல். 2019-ல் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட் இரண்டே வார்த்தையை அடித்துவிட்டு மிச்சம் செல்லும் என்றது. இதற்கு நீல பென்சில் என்று பெயர்: அடிக்கலாம், புதிதாக எழுதக் கூடாது. அந்த அம்மாவின் ஆறு மாதமோ 2017-லேயே முடிந்துவிட்டது.

அக்டோபர் 11

கதவைத் தட்டி பண்டிலை, அதாவது வழக்கு ஆவணக் கட்டை, கொடுத்துவிட்டுப் போனார்கள். 412 பக்கம். 187-ஆம் பக்கத்தில் பழைய வாடிக்கையாளருக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப்: "புது இடம், பழைய ஆள்தான். லஞ்ச் போகலாமா?" கூடவே சிரிக்கும் பொம்மை. கறுப்பு வெள்ளையில் அது சிரிப்பதாகவே தெரியவில்லை. மனைவி படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ போடப் போனாள்.

அக்டோபர் 17

லண்டன் ஹைகோர்ட் இருக்கும் ஸ்ட்ராண்ட், கோர்ட் 37. உள்ளே போனது பத்து நிமிடம், வெளியே நடைபாதையில் நின்றது மூன்று மணி நேரம். கோர்ட்டில் வாதாடும் வக்கீல்களான இரண்டு பாரிஸ்டர்களும் ஒரே காகிதத்தைக் கையில் வைத்து மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். லைக்கைப் போட்டுவிட்டு ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன அவசரம் என்று எங்கள் ஆள் கேட்டார். பின்னால் அவர்கள் தோற்றால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தை அவர்களே ஈடுகட்ட வேண்டும் என்று, தடை கேட்பவர்கள் தர வேண்டிய உறுதிமொழியும் அவர்களை உறுத்தியிருக்கும். கடைசியில் சமரசம்: நான் வேலையில் இருக்கலாம். 23 வாடிக்கையாளர்களை மட்டும் பிப்ரவரி 28 வரை தொடக் கூடாது. கோர்ட்டுக்கே தரும் வாக்கு, மீறினால் அவமதிப்பு. நீதிபதி படித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

செலவுக் கணக்கை இங்கே எழுதப்போவதில்லை.

அக்டோபர் 18

23 பெயர்களையும் அச்செடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன். பதினொரு மணிக்கு போன் அடித்தது. ஒன்பதாவது பெயர். அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.