கிராம் கணக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்குபேட்டரில் இருக்கும் பேரக்குட்டியின் எடை இன்று 1,310 கிராம். நேற்றைவிட 20 குறைவு. முதல் வாரம் குறையத்தான் செய்யுமாம். சரி.

வீட்டிலேயே கிடந்தால் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. "மத்தியானம் வரைக்கும் சுத்திப் பாருங்க அத்தை" என்று தங்க அருங்காட்சியக வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கொலம்பியாவின் தலைநகரான இந்தப் போகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; நாலு படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஏறினேன்.

கறுப்புப் பின்னணியில் தனியாக ஒரு பொன் குடுவை. பொபோரோ என்கிறார்கள். கிம்பாயா மக்கள் செய்தது. நாட்டின் மத்திய வங்கி 1939-ல் இதை வாங்கியதில்தான் இந்த அருங்காட்சியகமே தொடங்கியதாம். இந்தக் குடுவை எதற்கு என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. சுண்ணாம்பு வைக்க! கோக்கா இலையை மெல்லும்போது கூடச் சேர்க்கிற சுண்ணாம்பு. அதுவும் கடல் சிப்பியைச் சுட்டு எடுத்தது. அப்பத்தாவின் கிளிஞ்சல் சுண்ணாம்பு, அப்பத்தாவின் பித்தளைக் கரண்டகம். அவள் விரலால் வழித்து வெற்றிலையில் தடவுவாள், இவர்கள் குச்சியை விட்டு எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறார்கள். வடக்கே சியேரா நெவாடா மலையில் கோகி பழங்குடி ஆண்கள் இன்றும் சுரைக்குடுவையில் இதை வைத்திருக்கிறார்கள். குச்சியில் மிஞ்சுவதைக் குடுவையின் கழுத்தில் தேய்த்துத் தேய்த்து, வருஷக்கணக்கில் அங்கே கெட்டியாக ஒரு வளையம் ஏறிவிடுகிறது.

தினமும் கொஞ்சம். ஏறிவிடும்.

மார்ச் 5, புதன்

1,295.

மார்ச் 6, வியாழன்

1,295-லேயே நிற்கிறது. குறையவில்லை என்று மகள் இரண்டு தடவை சொன்னாள்.

பழைய நகரப் பகுதியான லா கந்தெலாரியாவில் போட்டேரோ அருங்காட்சியகம். ஓடு வேய்ந்த பழைய வீடு, நடுவில் முற்றம். இந்த நாட்டு ஓவியர் ஃபெர்னாந்தோ போட்டேரோ 2000-ல் 208 படைப்புகளை நாட்டுக்கே கொடுத்துவிட்டார். 123 அவருடையவை, மற்றவை அவர் சேர்த்துவைத்த பிக்காசோ, மோனே, ரெனுவார். யாரும் காசு கொடுத்துப் பார்க்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. பெரிய மனசு.

ஆனால் இன்று எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மனிதர்கள், குதிரை, பழம், மோனாலிசா, எல்லாமே கொழுகொழுவென்று. தொடை மடிப்பு, மணிக்கட்டு மடிப்பு. ஒரு சுற்று முழுக்க அந்த மணிக்கட்டுகளைத்தான் பார்த்தேன். நம் குட்டியின் மணிக்கட்டில் ஒரு மடிப்புகூட இல்லை. தோல் அப்படியே எலும்பில் கிடக்கிறது. முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். காவலுக்கு இருந்த பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மழை. 1,305. பத்து ஏறியிருக்கிறது, பத்து! ஆகுவாபனேலா போட்டுக் குடித்தேன். சூடான பானகம்தான், ஏலக்காய் மட்டும் இல்லை.

மார்ச் 8, சனி

1,320. தேசிய அருங்காட்சியகம். 1823-ல் தொடங்கியது. இப்போது இருக்கும் கட்டடம் 1946 வரை சிறைச்சாலை. தாமஸ் ரீட் என்ற கட்டடக் கலைஞர் சிலுவை வடிவத்தில் வரைந்தது. நடுவில் நிற்கிறவருக்கு எல்லாப் பக்கமும் தெரியும். முன்னால் வானத்திலிருந்து விழுந்த இரும்புப் பாறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். மேலே அறைகளில் நிறைய ஓவியங்கள் இருந்தன, ஒன்றும் மனதில் நிற்கவில்லை. நடுக்கூடத்தில்தான் ரொம்ப நேரம் நின்றேன். குட்டி இருக்கும் வார்டும் இப்படித்தான். நர்ஸ் மேசை நடுவில், சுற்றிலும் கண்ணாடிப் பெட்டிகள். ராத்திரி பூராவும் யாரோ ஒருத்தி அங்கேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

என்னை உள்ளே விட்டார்கள். பதினைந்து நிமிஷம்.

பெட்டியில் இல்லை! மகள் நெஞ்சில் இருந்தது. சட்டைக்குள், நேராக நிமிர்த்தி, பட்டைத்துணியால் கட்டி, தலை ஒரு பக்கம் திரும்பி. கங்காரு முறை. மருத்துவர் எட்கர் ரேய் சனாப்ரியா இதை 1978-ல் தொடங்கியது இதே போகோட்டாவில்தான். இன்குபேட்டர் போதவில்லை, தொற்று வேறு. அம்மாவின் சூட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல்தானா இந்த ஊருக்கு ஏன் வந்து மாட்டினோம் என்று விமானத்தில் திட்டிக்கொண்டு வந்தேன்?

"அம்மா, மூச்சு விடுறது எனக்கே தெரியுதும்மா" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

1,355.

திரும்பவும் தங்கத்துக்கே போனேன். அன்றைக்கு அங்கிருக்கும் பொன் தெப்பத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. 1969-ல் பாஸ்கா என்ற ஊர்க் குகையில் ஒரு மண்பானைக்குள் கிடைத்தது. முயிஸ்கா என்ற பழங்குடியின் தலைவர் நடுவில், சுற்றிலும் ஆட்கள். பொன் தூளைப் பூசிக்கொண்டு ஏரிக்குள் போய்ப் பொன்னைக் காணிக்கை போடுவார்களாம். ஏறக்குறைய ஒரு சாண் நீளம். சுமார் 287 கிராம். கிட்டத்தட்ட 36 பவுன். நம் குட்டி அதைப்போல் நாலரை மடங்குக்கும் மேலே! அங்கேயே நின்று விரல் விட்டுக் கணக்குப் போட்டேன்.

தேன்மெழுகில் செய்து, மேலே களிமண் அப்பி, மெழுகை உருக்கி ஓடவிட்டு, பொன்னும் செம்பும் கலந்த குழம்பை ஊற்றியிருக்கிறார்கள். சுவாமிமலையில் செய்கிற அதே மெழுகு வார்ப்பு. பக்கத்தில் சின்னச் சின்ன மனித உருவங்கள், துஞ்சோ என்று பெயர். அவற்றை மெருகேற்றவே இல்லை. அச்சிலிருந்து வந்த பிசிறு, ஓட்டை, எல்லாம் அப்படியே. போட்டுக்கொள்ளச் செய்ததில்லை, சாமிக்குச் செய்தது. வந்தபடியே கொடுத்திருக்கிறார்கள்.

இருட்டான வட்ட அறையில் கதவு மூடியதும் ஒரு பாட்டு எழுந்தது, சுவரெல்லாம் பொன்னாக ஒளிர்ந்தது. நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. 1,355 என்று எடையை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 12, புதன்

1,350. ஐந்து குறைந்திருக்கிறது. ஏன்?

மார்ச் 13, வியாழன்

1,385!

மகள் தூங்கவே இல்லை, மாப்பிள்ளைக்கும் ஆபீஸ் இருக்கிறது. நாளை மூன்று மணி நேரம் பாட்டி கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். முன்பக்கம் திறக்கிற, தொளதொளப்பான சட்டை வேண்டுமாம். பெட்டியில் நைட்டி ஒன்று இருக்கவேண்டும். தேடுகிறேன்.