பார்கோடு நாட்டைச் சொல்லாது

பார்கோட்டின் முதல் 3 எண்ணைப் பார்த்தால் பொருள் எந்த நாடு என்று தெரிந்துவிடும் என ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. நிறுவனம் எந்த நாட்டு அமைப்பிடம் அந்த எண்ணை வாங்கியது என்பதை மட்டுமே அது காட்டும். உள்ளே இருக்கும் பருப்பு எங்கே விளைந்ததோ!

‘பேக் செய்த இடம்’ என்பதும் விளைந்த இடமில்லை. மூட்டையைப் பிரித்து அடைத்த ஊர், அவ்வளவுதான்.

கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தர விதிப்படி, இன்னொரு நாட்டில் பதப்படுத்தும்போது உணவின் தன்மையே மாறினால், அந்த நாடுதான் லேபிளில் வரும். இறக்குமதித் தக்காளி விழுது சாஸ் ஆனதும் ஊர் மாறுவது இப்படித்தான்.

ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலையில் கட்டாயமான லேபிள் தேவலை: முக்கோணத்தில் கங்காரு, கீழே உள்நாட்டுச் சேர்மானத்தின் சதவீதத்தைக் காட்டும் பட்டை. மீதிச் சதவீதம் எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லும் கட்டாயம் மட்டும் இல்லை.