மத்தி மீனும் ஆளி விதையும்

சூரியகாந்தி எண்ணெயில் உள்ள ஒமேகா-6 கொழுப்பு உடலில் அழற்சியை, அதாவது வீக்கத்தை, தூண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த ஒமேகா-6 ஆன லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்த மனித ஆய்வுகளில் ரத்தத்தின் அழற்சிக் குறியீடுகள் பொதுவாக ஏறவில்லை. கவலைப்பட வேண்டியது ஒமேகா-3 போதாமல் போவதைப் பற்றித்தான்.

மத்தி, அயிலை மீன்களில் உள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டும் செல் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பின் இடத்தைப் பிடிக்கின்றன. அதனால் அந்த அமிலத்திலிருந்து உருவாகி வீக்கத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் குறைகின்றன. கல்லீரல் ரத்தத்துக்குள் அனுப்பும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் குறைகிறது. சவ்வு மாற வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாள் தின்றுவிட்டுப் பலன் தேடக் கூடாது. வாரம் இருமுறை, குழம்பாக வையுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீன் கொழுப்பில் ஒரு பங்கு எண்ணெயோடு போய்விடும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆளி விதை. ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் சுமார் 1.6 கிராம் ஏ.எல்.ஏ. என்ற தாவர ஒமேகா-3 இருக்கும், உடல் அதில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இ.பி.ஏ.வாக மாற்றும். முழு விதை பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறும். பொடித்ததை ஃபிரிட்ஜில் வையுங்கள். காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.