நடுச்சாமக் காவல்: அட்லாண்டிக்கில் இருபது நாள்

"இருபது நாளும் தண்ணியையே பார்த்துக்கிட்டு என்னப்பா பண்ணீங்க?"

அப்பா இதைக் கேட்டது எங்கள் ராகிக் கொல்லையில், பரண் மேல் உட்கார்ந்துகொண்டு. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வழியில், காட்டை ஒட்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. கார்த்திகையில் கதிர் முற்றும். அதே சமயத்தில் கர்நாடகப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகளும் வரும். அறுவடை முடியும்வரை ராத்திரி யாராவது பரணில் இருந்தாக வேண்டும். இந்த வருஷம் நானும் லீவு போட்டு வந்திருந்தேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் ஒகேனக்கல் பரிசலும் கிருஷ்ணகிரி அணையும்தான். நான் வேலைக்காக நெதர்லாந்து போய், சனி ஞாயிறுகளில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். அங்கே பழக்கமான ஒரு டச்சுத் தம்பதி, போன வருஷம் தங்கள் 42 அடிப் படகில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் தேடினார்கள். நானும் இன்னொரு நண்பரும் சேர்ந்துகொண்டோம். கேனரி தீவுகளில் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனில் செயின்ட் லூசியா வரை ஏறக்குறைய 2,700 கடல் மைல். கிலோமீட்டரில் 5,000. மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகம். டவுன் பஸ்ஸே நம்மை முந்திவிடும். அந்த வேகத்தில் இரவும் பகலும் நிற்காமல் இருபது நாள்.

"வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு" என்று பழைய மாலுமிகள் சொல்வார்களாம். அங்கேதான் பள்ளிக்கூடப் புவியியலில் படித்த வியாபாரக் காற்று பிடிக்கும். வடகிழக்கிலிருந்து விடாமல் வீசும். பாயை விரித்துவிட்டால், சுக்கானை ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும். நமக்கு வேலை இல்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் மூன்று நாள் வாந்தியும் தலைசுற்றலும். அப்போது சலிப்பு என்ற பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் உடம்பு தெளிந்தது. காலையில் எழுந்து டீ குடித்து, கடலைப் பார்த்து, புத்தகம் படித்து, மறுபடி கடலைப் பார்த்து, பதினோரு மணி ஆகியிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பதே கால். போனில் நாற்பது படம் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றைக்கூட அரை மணிக்கு மேல் பார்க்க முடியவில்லை. நினைத்த நேரத்தில் தூங்கினோம், நினைத்த நேரத்தில் தின்றோம். ஏழாம் நாள் ஒரு டம்ளரைக் கழுவாமல் வைத்ததற்காக நானும் நண்பரும் சத்தம் போட்டுக்கொண்டோம். கரையில் இருந்தால் கதவைத் திறந்து தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வரலாம். அங்கே எங்கே போவது?

அன்று நடுச்சாமம். ராத்திரிக் காவலை மட்டும் ஆளுக்கு மூன்று மணி என்று முதலிலேயே பிரித்திருந்தோம். எனக்குப் பன்னிரண்டிலிருந்து மூன்று. கார்த்திகை நட்சத்திரமான ஆறாமீன் கூட்டம் தலைக்கு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மூன்று மணி வாக்கில் படகின் மூக்குக்கு வலது பக்கம் தாழ்ந்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. பகலெல்லாம் தவித்தவன், இந்த மூன்று மணி நேரத்தில் ஒரு தடவைகூட சலித்ததில்லை. காரணம், இதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தது. கால் மணிக்கு ஒருமுறை எழுந்து சுற்றிலும் விளக்கு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மணிக்கு ஒருமுறை வேகம், திசை, காற்று மூன்றையும் லாக் புக்கில் எழுத வேண்டும். மூன்று மணிக்கு டீ போட்டு அடுத்த ஆளை எழுப்பி, நடந்ததையெல்லாம் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சொல்லாமல் போய்ப் படுக்கக் கூடாது. அது கேப்டனான டச்சுக்காரரின் கண்டிப்பான விதி.

பழைய தமிழ்க் கணக்கில் ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுதாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். கப்பல்களின் பழைய காவல் முறையும் நான்கு மணி நேரம்தான் என்று கேப்டன் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. மறுநாளே உட்கார்ந்து பகலையும் அப்படிப் பிரித்து ஒரு தாளில் எழுதி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினோம்.

காலையில் முதல் வேலை படகை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. இடுப்பில் கட்டிய பாதுகாப்புக் கயிற்றைக் கம்பியில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கயிறும் எங்கே உரசுகிறது என்று தடவிப் பார்க்க வேண்டும். காற்று ஒரே பக்கம் அடிப்பதால் கயிறும் இரவு பகலாக ஒரே இடத்தில் தேயும். அப்படியே ராத்திரி மேல்தளத்தில் வந்து விழுந்த பறவைக்கோலா மீன்களைப் பொறுக்கி வரலாம்.

நண்பகலுக்கு எல்லோரும் காத்திருப்போம். சரியாகப் பன்னிரண்டுக்கு ஜி.பி.எஸ். காட்டும் எண்களைப் பார்த்துக் காகித வரைபடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. நேற்றைய குறிக்கும் இன்றைய குறிக்கும் நடுவில் என் கட்டைவிரல் அகலம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டைவிரல் அகலத்துக்காக நான்கு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்து நிற்போம். நேற்று 128 மைல், இன்று 141 என்றால் கைதட்டல். சுற்றிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வட்டமாகத் தெரியும் கடலில், நகர்ந்திருக்கிறோம் என்பதற்கு எங்களிடம் இருந்த அத்தாட்சி அது.

குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். குளியல் கடல் தண்ணீரில், கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர். அது எற்பாட்டில், வெயில் தாழும்போது. குளித்து முடித்து நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ. மேற்கே போகப் போக, தீர்க்கரேகையில் பதினைந்து பாகைக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். அதையும் இந்த டீ நேரத்திலேயே செய்வோம். நான்கு மணி மறுபடி மூன்று மணியாகும். கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தில் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். நான் பரணைப் பற்றிச் சொன்னேன். யானையை விரட்டத் தகரம் தட்டுவதை அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

புதனும் ஞாயிறும் களி. அம்மா கட்டிக் கொடுத்த ராகி மாவு இரண்டு கிலோ இருந்தது. படகின் அடுப்பைத் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டிருப்பார்கள், படகு சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாக நிற்கும். ஆனால் கிண்டுகிறவன் சாய்வானே! இடுப்பைச் சமையல் மேடையில் அண்டக் கொடுத்து, ஒரு கையால் பாத்திரத்தைப் பிடித்து, மறு கையால் கிண்ட வேண்டும். களி கிண்டுகிற கட்டைக்கு நம் ஊரில் துடுப்பு என்றுதானே பெயர்? அதைச் சொன்னதும் கேப்டனின் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். பறவைக்கோலாக் குழம்பு, கையில் உருட்டிய களி. இன்று புதன் என்பதை நாள்காட்டியைப் பார்க்காமலே நாக்கு சொல்லிவிடும்.

ஒரு தடவை தவறினேன். பதிமூன்றாம் நாளும் பதினான்காம் நாளும் காலைச் சுற்றைச் சோம்பலில் விட்டுவிட்டேன், தாளில் மட்டும் டிக் போட்டேன். பதினைந்தாம் நாள் விடியற்காலையில் முன்பாயின் கயிறு, பாயை விரித்துப் பிடிக்கும் கம்பின் முனையில் உரசுமிடத்தில் பட்டென்று அறுந்தது. பாய் பைத்தியம் பிடித்தது போல அடித்துக்கொண்டது. இருட்டில் அதைச் சுருட்டி அடக்க நான்கு பேருக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. அறுந்த நுனி துடைப்பம் மாதிரி பிரிந்து கிடந்தது. முந்தின நாள் கை வைத்திருந்தால் அந்தச் சொரசொரப்பு தெரிந்திருக்கும். கேப்டனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, நான் போட்ட அந்த இரண்டு டிக்கையும் என் கையாலேயே கோடு போட்டு அடிக்கச் சொன்னார். இன்றும் அது உறுத்துகிறது.

எங்களுடையது இருபது நாள் கதை. புதுச்சேரிப் பெண் ரூபா, கடற்படையில் உடன் பணிபுரியும் தில்னாவோடு 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற கடற்படைப் பாய்மரப் படகில் கிளம்பி, உலகையே சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். இடையில் துறைமுகங்களில் நின்றாலும் ஏறக்குறைய எட்டு மாதம், படகில் இரண்டே பேர். ஒருவர் கண்ணயரும்போது மற்றவர் விழித்திருந்தாக வேண்டும். அந்த இரண்டு பேரை நினைக்கும்போதெல்லாம் நான் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லி முடிக்க மணி பதினொன்றரை ஆகிவிட்டது. "மூணு மணிக்கு ஒரு ஆளா? நாங்க ஜாமத்துக்கு ஒரு ஆளு" என்றார். அவருக்கும் ஒரு முறை உண்டு. மணிக்கு ஒருமுறை இறங்கி வரப்போரம் ஒரு நடை, தீயில் ஒரு கட்டை, தகரத்தில் இரண்டு தட்டு, அப்புறம் வெற்றிலை. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், இத்தனை வருஷமாக அது வெறும் பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

"பன்னண்டுலருந்து நான் பார்த்துக்கறேன்பா, நீங்க படுங்க" என்றேன். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். ஆறாமீன் நேராகத் தலைக்கு மேல் இருந்தது. நடந்தேன், கட்டை போட்டேன், தட்டினேன். காற்றில் ராகிக் கதிர்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், படகோரம் தண்ணீர் வழியும் சத்தம் மாதிரியே இருந்தது.

மூன்று மணிக்கு பிளாஸ்க்கில் இருந்த கடுங்காப்பியை மூடியில் ஊற்றி அப்பாவை எழுப்பினேன்.

"ஒன்றரைக்கு மேற்கால நாய் குரைச்சது. தகரம் தட்டினேன், அடங்கிடுச்சு. ரெண்டரைக்கு ஓடைப் பக்கம் கிளை ஒடியற சத்தம் ஒரு தடவை கேட்டது, அப்புறம் இல்லை. தீ நல்லா எரியுது."

அப்பா காப்பியை ஒரு மடக்கு குடித்துவிட்டு ஓடைப் பக்கம் பார்த்தார். "எத்தனை தடவை?"

"ஒரே தடவைதான்பா."

"சரி, நீ படு" என்று டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.